திருப்பிப் பாருங்க, அப்புறம் வாங்குங்க! - ஜமுக்காளமா, பத்தமடைப் பாயா, கம்பளமா... உங்க வீட்டுக்கு எது சரி?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் வீட்டுக்கு ஏதாவது ஒண்ணு வாங்கிப் போடணும்னு தோணும். ஃபிரிட்ஜ் இருக்கு, பீரோ இருக்கு. புதுசா டைல்ஸ் போட்ட ஹால் மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து, பைக்கின் பின்சீட்டில் கம்பளச் சுருள்களை அடுக்கிக்கொண்டு ஒருவர் தெருவுக்குள் வருவார். "அக்கா, கையால நெஞ்சது. காஷ்மீர் மாடல். இன்னைக்கு மட்டும் பாதி விலை!"

ஏழாயிரம்பண்ணையாகட்டும், சாத்தூராகட்டும், சிவகாசியாகட்டும்... இந்தக் காட்சி உங்களுக்குப் பழகியதுதான். பூவேலைப்பாடும் பளபளப்பும் கண்ணைப் பறிக்கும். ஆனால், ஆறே மாதத்தில் அதே கம்பளம் கரிசல் தூசியைக் குடித்து, துவைக்கவும் முடியாமல், தூக்கிப்போடவும் மனசு வராமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

தப்பு உங்கள் மேல் இல்லை. தரைவிரிப்பு வாங்கும்போது எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. அது எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை வருஷம் உழைக்கும், துவைக்க முடியுமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

முதலில் மூன்று கேள்விகள்

கடைக்குப் போவதற்கு முன்பு வீட்டிலேயே இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒன்று, எங்கே விரிக்கப்போகிறீர்கள்? வாசலுக்கும் படுக்கையறைக்கும் ஒரே விரிப்பு சரிவராது.

இரண்டு, யார் புழங்கப்போகிறார்கள்? தவழும் குழந்தையா, கால் தடுக்கினால் விழுந்துவிடக்கூடிய பெரியவர்களா, வேலைவிட்டு வந்ததும் தரையில் காலை நீட்டுகிறவர்களா?

மூன்று, எப்படிச் சுத்தம் செய்வீர்கள்? வீட்டில் வாக்குவம் கிளீனர் இல்லை, துடைப்பமும் வாளித் தண்ணீரும்தான் என்றால், அதற்கு ஏற்ற விரிப்பைத்தான் வாங்க வேண்டும்.

வெயிலும் புழுதியும் அதிகமுள்ள ஊர் நம்முடையது. இங்கே தூக்கி உதறவும், துவைத்துக் காயவைக்கவும் முடிகிற விரிப்புதான் நாள்பட உழைக்கும்.

பவானி ஜமுக்காளம்: பின்பக்கமே கிடையாது!

கல்யாண வீடு, ஊர்க்கூட்டம், திண்ணைப் பேச்சு... எல்லாவற்றுக்கும் விரிக்கிற அதே ஜமுக்காளம்தான். ஈரோடு மாவட்டத்தில், காவிரியோடு பவானி ஆறு கலக்கும் ஊர் பவானி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில், பிரிட்டிஷ் மில் துணிகளோடு போட்டி போட முடியாமல் தவித்த ஜங்கமர் நெசவாளர்கள், தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கிய விரிப்பு இது. புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுப் பொருள்களில் இதுவும் ஒன்று.

இதில் இரண்டு ரகம் பார்க்கலாம். ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாகக் கோடு ஓடும் தடித்த பருத்தி ரகம். இன்னொன்று, செயற்கைப் பட்டுநூல் சேர்த்து, ஓரத்தில் உருவங்கள் வைத்து நெய்த மெல்லிய ரகம். தினசரிப் புழக்கத்துக்குப் பருத்தி ரகம். விசேஷங்களுக்கும் அன்பளிப்புக்கும் பட்டு ரகம்.

கோடு போட்ட ஜமுக்காளத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்பதே இல்லை. ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். துவைக்கலாம். மடித்துப் பரண்மேல் வைக்கலாம். ஹாலில் குழந்தைகள் விளையாடவும், விருந்தாளிகள் வந்தால் படுக்கவும் அதே ஒன்று போதும்.

ஆனால் போலி விஷயத்தில் கவனம் தேவை. கைத்தறிக்கு மட்டும் என்று சில வகைத் துணிகளை ஒதுக்க 1985-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் ஜமுக்காளமும் இருக்கிறது. அதாவது, இதை விசைத்தறியில் நெய்யவே கூடாது. இருந்தும், விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்ற பெயரில் விற்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

* கரையைத் தடவிப் பாருங்கள். கைத்தறியில் ஊடைநூல் கரைவரை போய்த் திரும்பி வரும். வெட்டித் தைத்த கரை என்றால் சந்தேகப்படுங்கள்.
* விரித்துப் பாருங்கள். கோடுகளின் அகலத்தில் நூலளவு கூடக்குறைய இருந்தால் அது குறையல்ல, கை நெய்ததன் அடையாளம். அச்சு வைத்ததுபோல ஒரே சீராக இருந்தால் நின்று யோசியுங்கள்.
* கையில் தூக்கிப் பாருங்கள். தடித்த நூலில் நெருக்கி நெய்தது கனமாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரிவது சீக்கிரம் நைந்துபோகும்.
* கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். இது 2006-ல் வந்தது. 1935-லிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடைகளில் வாங்கினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இருக்காது.

கனமான விரிப்பு பிடிக்கும், ஆனால் கோடு வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்து மாநிலங்களில் இதன் உறவுகள் உண்டு. தெலங்கானாவின் வாரங்கல் விரிப்புகளும், கர்நாடகத்தில் பெண்களே நெய்யும் நவல்குந்த் விரிப்புகளும் பூ, கட்டம், மயில் என்று வேலைப்பாடு மிகுந்தவை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது.

பத்தமடைப் பாய்: வெயிலுக்கு இதமான விரிப்பு

நம்ம பக்கத்திலிருந்து கோவில்பட்டி, திருநெல்வேலி தாண்டினால் சேரன்மகாதேவிக்கு அருகில் பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, ஆற்றுநீரில் ஊறப்போட்டு, மயிரிழைபோலக் கிழித்து, பருத்திநூல் பாவில் நெய்கிறார்கள். மிக நுணுக்கமான 'பட்டுப்பாய்' துணிபோல மடியும். 1953-ல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு அன்பளிப்பாகப் போனது இந்தப் பாய்தான். மணமக்களின் பெயரை நெய்து கல்யாணச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது.

சித்திரை வெயிலில் மெத்தை கொதிக்கும்போது கோரைப்பாயில் படுத்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். கோரை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, முதுகுக்கும் தரைக்கும் நடுவே காற்று போகிறது. நம் ஊர் வெப்பத்துக்குப் படுக்கையறை விரிப்பாக இதைவிட வேறென்ன வேண்டும்?

பட்டுப்பாய் என்று சொல்லிக் கொடுத்தால் பின்பக்கம் திருப்பி, கோரை இழைகளை விரலால் நீவிப் பாருங்கள். இழை மெலிதாக, நெருக்கமாக, நடுவில் முறிவில்லாமல் இருக்க வேண்டும். இயல்பான காய்ந்த புல்வாசம் வர வேண்டும். வழவழவென்று வாசமே இல்லாமல் இருந்தால் அது பிளாஸ்டிக் பாய். பட்டுப்பாயின் விலை அதிகம் என்று தோன்றினால், தினசரிப் படுக்கைக்குக் கரூர், முசிறிப் பக்கத்து முரட்டுக் கோரைப்பாயே போதும்.

குறை இல்லாமலா? இருக்கிறது. நாற்காலியை இழுத்தால் கிழியும். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சணம் பூக்கும். அதனால் ஹாலில் சோபாவுக்குக் கீழே போட இது சரியான ஆள் அல்ல.

கம்பளம்: முடிச்சா, பசையா?

அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'ஹேண்ட்மேட்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, முடிச்சுக் கம்பளம். காஷ்மீரிலும், உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பகுதியிலும் தறியில் பாவு கட்டி, ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போடுவார்கள். இதில் எவ்வளவு உழைப்பு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆறடிக்கு நாலடி கம்பளம் என்றால் 3,456 சதுர அங்குலம். ஒரு சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சு என்றால் மொத்தம் 6,91,200 முடிச்சு. ஒருவர் நாளுக்கு 6,000 முடிச்சு போடுவதாக வைத்தாலும் 115 நாள்! இப்போது சொல்லுங்கள், இதைப் பைக்கில் வைத்துப் பாதி விலைக்குத் தர முடியுமா?

இரண்டாவது, டஃப்டிங் கம்பளம். துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியால் துணியில் கம்பளிநூலைக் குத்திக்கொண்டே போவார்கள். நூல் கழன்று வராமல் இருக்கப் பின்னால் ரப்பர் பால் பசை பூசி, அதை மறைக்க மேலே ஒரு துணி ஒட்டிவிடுவார்கள். கையால் செய்ததுதான், பொய்யில்லை. ஆனால் முடிச்சு கிடையாது. சில வருடங்களில் பசை காய்ந்து, மாவுபோல உதிரும். ஒருவித நெடியும் வரும். சூடு அதிகமான ஊரில் பசை இன்னும் சீக்கிரம் காயும்.

வித்தியாசம் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லை. திருப்பிப் பாருங்கள்.

* முன்பக்கப் பூ பின்பக்கமும் அப்படியே தெரிகிறது, முடிச்சுகள் சின்னச் சின்ன மணியாகத் தெரிகின்றன, குஞ்சம் கம்பளத்தின் பாவுநூலாகவே நீண்டு வருகிறது என்றால் முடிச்சுக் கம்பளம்.
* பின்பக்கம் முழுக்க ஒரு துணி ஒட்டியிருக்கிறது, குஞ்சம் தனியாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்றால் டஃப்டிங்.
* பின்பக்கம் கட்டம் கட்டமாக, விறைப்பாக, எந்திரச் சீராக இருந்தால் மெஷின் கம்பளம்.

நூல் எது என்று தெரிய ஒரு பழைய வழி உண்டு. குஞ்சத்திலிருந்து ஓர் இழையைப் பிய்த்து, வீட்டுக்கு வெளியே வைத்துப் பற்றவையுங்கள். நம்ம ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்! பேப்பர் கருகிய வாசம் வந்து சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கிய வாசம் வந்தால் கம்பளி. உருகி உருண்டையானால் நைலான் வகை. குஞ்சம் பருத்தியாக இருந்து மேல்பக்கம் வேறு நூலாக இருப்பதும் உண்டு. அதனால் மேல்பக்கத்திலிருந்தும் ஓர் இழை எடுத்துச் சோதியுங்கள்.

உண்மையான முடிச்சுக் கம்பளம் தலைமுறை தாண்டி நிற்கும். சந்தேகமே இல்லை. ஆனால் நம் வெயிலுக்கும் புழுதிக்கும் அது அவசியமா என்று யோசியுங்கள். ஆசைப்பட்டால், அதிகம் மிதிபடாத இடத்துக்குச் சின்னதாக ஒன்று போதும். கம்பளியைப் பூச்சி அரிக்கும் என்பதால், சுருட்டியே வைத்து மறந்துவிடக் கூடாது.

பட்டாசு ஊருக்கு ஒரு தனிக்குறிப்பு

இது நம்ம பகுதிக்கு மட்டுமானது. பட்டாசு ஆலைக்குள் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும் என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். செயற்கை இழை உரசினால் நிலைமின்சாரம் சேரும், ஒரு சின்னப் பொறி போதும் என்பதுதான் காரணம். வீட்டில் மருந்து இல்லை, அதனால் அந்த அபாயமும் இல்லை. ஆனாலும் அந்தப் பாடத்தில் இரண்டு விஷயம் வீட்டுக்கும் பொருந்தும்.

ஒன்று, தூசி. வேலை முடிந்து வருகிறவர்களின் துணியிலும் காலிலும் மருந்துத் தூசி ஒட்டியிருக்கும். அதே துணியோடு கம்பளத்தில் உட்கார்ந்தால், நீண்ட இழைகளுக்குள் அது இறங்கிவிடும். துடைப்பத்தால் வராது. அதே இடத்தில்தான் குழந்தை தவழ்ந்து, கையை வாயில் வைக்கும். எனவே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில், இழை நீண்ட கம்பளம் வேண்டவே வேண்டாம். துவைக்க முடிகிற ஜமுக்காளம் போதும். வந்ததும் குளித்து, துணி மாற்றிவிட்டு விரிப்பில் உட்காருவதைப் பழக்கமாக்குங்கள். வேலைத் துணியையும் விரிப்பையும் ஒன்றாக ஊறவைக்காதீர்கள்.

இரண்டு, தீ. பொறி பட்டால் கம்பளி சட்டென்று பற்றாது, கருகி நிற்கும். பருத்தியும் கோரையும் எரியும். நைலான் வகை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தீபாவளியன்று வாசல், முன்னறை விரிப்புகளைச் சுருட்டி உள்ளே வையுங்கள். விளக்கேற்றும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த விரிப்பும் வேண்டாம்.

எந்த இடத்துக்கு எது?

* வாசல்: தேங்காய்நார் மிதியடி. செருப்பு மண்ணை உரசி எடுப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. அடிக்கடி தட்டி, மண்ணை உதிர்த்தால் போதும்.
* ஹால்: பருத்தி ஜமுக்காளம். பெரிய ஒன்றைவிட ஆறடிக்கு நாலடியில் இரண்டு வாங்குங்கள். நனைந்த பெரிய ஜமுக்காளத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்!
* படுக்கையறை: கோரைப்பாய். கட்டில் பக்கத்தில் கால் வைக்கச் சின்ன பருத்தி விரிப்பு.
* சமையலறை, குளியலறை வாசல்: பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய மிதியடி. ஈரத்தை உறிஞ்சும், தினமும் துவைக்கலாம், செலவும் இல்லை.
* பூஜை அறை: சின்ன கோரைத் தடுக்கு.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் டைல்ஸ் மேல் விரிப்பு வழுக்கும். அடியில் ரப்பர் வலை போடுங்கள். ஓரம் சுருண்ட விரிப்பை உடனே எடுத்துவிடுங்கள். வாங்கும் முன்பு தினசரிப் பேப்பரை அந்த அளவுக்குத் தரையில் விரித்துப் பாருங்கள். சுற்றிலும் ஓரடி தரை தெரிந்தால் அறை அடைசலாகத் தோன்றாது. கதவு தடையில்லாமல் திறக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பின்பக்கத்தில் ஒரு கை

விரிப்பைத் திருப்பும்போது இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த முடிச்சைப் போட்டது யாருடைய கை?

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் பட்டியலில், பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாத தொழில்களாகக் குறித்தவற்றில் கம்பள நெசவும் இருந்தது, தீப்பெட்டி, பட்டாசுத் தயாரிப்பும் இருந்தது. பதோஹியும் சிவகாசியும் ஒரே பட்டியலில்! சின்ன விரல் வேகமாக வேலை செய்யும் என்று அங்கேயும் சொன்னார்கள், இங்கேயும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த வலி என்னவென்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கைலாஷ் சத்யார்த்தி 1994-ல் 'ரக்மார்க்' என்ற முத்திரையைத் தொடங்கிவைத்தார். குழந்தைகளை வைத்துச் செய்யாத கம்பளத்துக்கு அடையாளம் அது. இப்போது அதன் பெயர் 'குட்வீவ்'. கம்பளம் வாங்குகிறீர்கள் என்றால் இந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்கிறவர்கள் கூடக்கூட, அடுத்த முறை அவர் விசாரித்து வைப்பார்.

பேரம் பேசும்போதும் இது நினைவில் இருக்கட்டும். ஜமுக்காளமோ பாயோ, தறியில் கழிந்த நாள்களின் கூலிதான் அதன் விலை. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால், ஒன்று அது கைவேலை இல்லை. இல்லையென்றால், யாரோ ஒருவரின் கூலி அதில் குறைந்திருக்கிறது.

நாள்பட உழைக்க...

* ஜமுக்காளம்: வாங்கும்போதே ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் போகிறதா என்று தெரியும். முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த நீரில் துவையுங்கள். சாயம் வெளுக்காமல் இருக்க நிழலில் காயவையுங்கள். நம்ம ஊர்க் காற்றுக்கு நிழலே போதும்.
* பாய்: ஊறவைக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். மடித்தால் கோரை முறியும். பட்டுப்பாய் மட்டும் விதிவிலக்கு.
* கம்பளம்: வாரம் ஒருமுறை திருப்பிப் போட்டுத் தட்டுங்கள். அடியில் தங்கிய மணல்தான் இழையை அறுக்கும். எதுவும் சிந்தினால் தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுங்கள்.
* எதுவானாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். தேய்மானம் ஒரே இடத்தில் விழாது.

அடுத்த முறை தெருவில் "கையால நெஞ்சது அக்கா" என்று குரல் கேட்டால், உடனே விரட்டவும் வேண்டாம், உடனே பர்ஸைத் திறக்கவும் வேண்டாம். "அதைத் திருப்பிப் போடுங்கண்ணே, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அந்த விரிப்பே சொல்லிவிடும்.